பழைய அனுமதி, புதிய செலவு

சென்ற வாரம் என் தங்கை மகன் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். வேறு நோய்களுக்கு ஏற்கெனவே பயன்பட்டு வரும் பெப்டைடு மருந்துகளை எடுத்து, ஃப்ளூ, கொரோனா போன்ற சுவாச நோய்களுக்குக் கொடுக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். செய்திக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "பழைய மருந்துதானே மாமா, பயமில்லை. உடனே கொடுக்க வேண்டியதுதானே?"

இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

நான் மருத்துவன் அல்ல. அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கோப்புகளோடு காலம் தள்ளி, ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த "பழைய மருந்துதானே" என்ற பேச்சை 2021 மே மாதத்தில் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன்.

முதலில் பெப்டைடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிடும் பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் புரதம், அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த நீளமான சரம். அந்தச் சரமே குட்டையாக, ஐம்பது மணி அளவுக்குள் இருந்தால் பெப்டைடு என்கிறார்கள். எல்லைக்கோடு கறாரானதல்ல. நம் வீடுகளில் பலர் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51 மணிகள். அதையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போடுகிறோம்? விழுங்கினால் வயிறு அதைப் பருப்பைப் போலவே செரித்துவிடும். பெப்டைடுகளின் பலமும் பலவீனமும் இதில் இருக்கிறது. அவை உடம்பின் சொந்த மொழியில் பேசுபவை. ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கு ஒரு குறிப்பிட்ட சாவி. ஆனால் உடம்பே அவற்றைச் சீக்கிரம் வெட்டிப் போட்டுவிடுகிறது. சில பெப்டைடுகள் ரத்தத்தில் சில நிமிடங்கள்கூட நிற்பதில்லை. அதனால்தான் சுவாச நோய்க்கு என்று வரும்போது, மூக்கில் தெளிப்பது, புகைபோல உள்ளிழுப்பது என்று வேறு வழிகளைத் தேடுகிறார்கள்.

இனி 2021 மே மாதத்துக்கு வருகிறேன்.

என் மனைவியின் தம்பிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கொரோனா வந்து, ஆக்சிஜன் அளவு இறங்கி, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். தைமோசின் ஆல்ஃபா என்று எழுதியிருந்தது. வெளியில்தான் வாங்கி வர வேண்டும். "இது புது மருந்து இல்லை சார், ஹெபடைடிஸ் பி-க்கு எத்தனையோ நாடுகளில் கொடுத்தது. பயப்படாதீர்கள்" என்றார் அந்த இளம் டாக்டர். அவர் சொன்னது பொய்யில்லை. தைமோசின் ஆல்ஃபா-1 என்பது 28 மணிச் சரம். முதலில் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் என்று சீனாவிலும் இத்தாலியிலும் இன்னும் பல நாடுகளிலும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

அலைந்து திரிந்து வாங்கினோம். ஓர் ஊசியின் விலை, நான் வேலையில் சேர்ந்தபோது வாங்கிய ஓராண்டுச் சம்பளத்துக்கு மேல். மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. பத்து ஊசி போட்டார்கள். பதினான்காம் நாள் அவன் போய்விட்டான். அதே வார்டில் அதே ஊசி போட்டுக்கொண்ட இன்னொருவர் நடந்து வீட்டுக்குப் போனார். அந்த ஊசியே போடாத ஒருவரும் நடந்துதான் போனார்.

ஊசி போட்டதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். என் மனக்குறை வேறு. அந்தப் பத்து ஊசிகளும் மருத்துவமனை பில்லில் இருந்தன. வேறு எங்கும் இல்லை. யாருக்குப் போட்டார்கள், எத்தனையாவது நாளில் போட்டார்கள், போடாதவர்கள் எத்தனை பேர், கடைசியில் இரு தரப்பிலும் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒரு பதிவேடு கிடையாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு டஜன் பென்சில் வாங்கினால்கூட ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு வரி இருக்கும். என் மைத்துனன் பட்ட பாட்டிலிருந்து அடுத்த நோயாளிக்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

இப்போது என் தொழிலிலிருந்து ஒரு விதியைச் சொல்கிறேன். அரசாங்கத்தில் பணம் ஒதுக்கும்போது ஒரு கணக்குத் தலைப்பின் கீழ் ஒதுக்குவார்கள். சாலை போட என்று வந்த பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட முடியாது. கூரை நல்ல காரியம்தான், பணமும் இருக்கிறது, அனுமதியும் ஏற்கெனவே வாங்கியாயிற்று. ஆனாலும் முடியாது. அந்த அனுமதி சாலைக்குக் கொடுத்தது. மறு ஒதுக்கீட்டுக்கு என்று தனிக் கோப்பு போட்டு, காரணம் எழுதி, புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். இளம் வயதில் எனக்கும் இது வீண் தாமதமாகத்தான் தெரிந்தது. பிறகு புரிந்தது. பழைய அனுமதி ஒரு கேள்விக்குப் பதில். புதிய செலவு இன்னொரு கேள்வி.

மருந்துக்கும் அதேதான். "பல வருடமாகக் கொடுக்கிறார்கள்" என்பது "இன்ன நோயாளிக்கு, இன்ன அளவில், இன்ன வழியில் கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை" என்ற கேள்விக்குப் பதில். "இந்த நோயில் உயிரைக் காப்பாற்றுமா?" என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை.

நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, விஐபி. பெரிய மனிதர்களைச் சொல்லவில்லை! 1970-இல் சாமி சயீத், விக்டர் முட் என்ற இருவர் பன்றியின் குடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பெப்டைடின் சுருக்கப் பெயர் அது. இதிலும் 28 மணிகள்தான். மருந்தாகச் செய்யும்போது அவிப்டாடில் என்று பெயர். வேறொரு மருந்தோடு சேர்த்து ஆண்மைக் குறைவுக்கு ஊசியாக ஐரோப்பாவில் பயன்பட்டது. இந்தப் பெப்டைடு நம் நுரையீரலிலும் இயற்கையாகவே இருக்கிறது. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருளைச் சுரக்கும் செல்களை இது பாதுகாக்கிறது. கொரோனா வைரஸ் தாக்குவதும் அதே செல்களைத்தான். ஆய்வகத்தில் வைரஸ் பெருகுவதையும் இது குறைத்தது. கேட்கும்போது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! பழைய மருந்து, உடம்பின் சொந்தச் சரக்கு, சரியான இடம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் இதை முறையாகச் சோதித்தார்கள். மூச்சுத் திணறல் முற்றிப்போன நோயாளிகள் நானூறு பேருக்கு மேல். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்தால் பலன் தெரியும் வாய்ப்பு இல்லை என்று 2022-இல் ஆய்வை நிறுத்தினார்கள். 2023-இல் முடிவு வெளியானது. 90 நாள் முடிவில் இரு தரப்பிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்திருந்தார்கள். வித்தியாசம் இல்லை. அந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால், பிழைத்தவர்களைக் காட்டி "பார்த்தீர்களா!" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எத்தனை வீட்டு வளையல்கள் அடகுக்குப் போயிருக்குமோ!

இரண்டாவது கதை எனக்கு அதிக நம்பிக்கை தருவது, அதே சமயம் அதிகம் எச்சரிப்பது. அப்ரோடினின் என்ற மருந்து. 58 மணிச் சரம். மாட்டு நுரையீரலிலிருந்து எடுப்பது. இதய அறுவை சிகிச்சையில் ரத்தப் போக்கைக் குறைக்க உலகமெங்கும் பயன்படுத்தினார்கள். இது புரதத்தை வெட்டும் நொதிகளை மழுங்கடிக்கும். நொதி என்றால் ஒருவகைக் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளூ வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் மேலிருக்கும் ஒரு புரதம் ஓரிடத்தில் வெட்டுப்பட வேண்டும். அந்தக் கத்தரிக்கோல் வைரஸிடம் இல்லை. நம் மூச்சுக்குழாயில் இருக்கும் கத்தரிக்கோலைத்தான் அது பயன்படுத்திக்கொள்கிறது. அதை மழுங்கடித்தால் வைரஸ் வாசலிலேயே நிற்கும். கொரோனா வைரஸுக்கும் இதுபோன்ற கத்தரிக்கோல் தேவை. மருந்து குறிவைப்பது நம் பொருளை என்பதால், வைரஸ் உருமாறித் தப்பிப்பதும் அத்தனை சுலபமில்லை. இந்த யோசனையை வைத்து ரஷ்யாவில் ஃப்ளூவுக்கு உள்ளிழுக்கும் மருந்தாகவே அப்ரோடினினுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் ஸ்பெயினில் நோயாளிகளுக்கு உள்ளிழுக்கக் கொடுத்து ஒரு சிறிய ஆய்வு நடத்தினார்கள். முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது. நம்பிக்கைதான், தீர்ப்பு அல்ல. பெரிய ஆய்வு வேண்டும்.

எச்சரிக்கை என்றேனே, அது இது. அப்ரோடினின் பழைய மருந்து, அமெரிக்காவில் 1993-இலிருந்து விற்பனையில் இருந்தது. ஆபத்தான இதய அறுவை சிகிச்சைகளில் இதையும் வேறு இரண்டு பழைய மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுக் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது. அப்ரோடினின் கொடுத்தவர்களில் சாவு அதிகமாகத் தெரிந்ததால், 2007-இல் அந்த ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். மருந்தும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு 2012-இல் ஐரோப்பிய மருந்து முகமை கணக்குகளைத் திரும்பப் பார்த்துவிட்டு, சில வகை அறுவை சிகிச்சைகளுக்கு மட்டும் மறுபடி அனுமதிக்கலாம் என்றது. "பழைய மருந்து, பயமில்லை" என்ற வாக்கியத்தின் கதி இதுதான். பத்துப் பதினைந்து வருடம் புழங்கிய மருந்தின் பழைய கேள்விக்கே பதில் இப்படி முன்னும் பின்னும் போகிறது என்றால், நரம்பில் ஏற்றிய மருந்தை நுரையீரலுக்குள் இழுக்கும் புதிய கேள்விக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

"உயிர் போகிற நேரத்தில் உங்கள் கோப்பும் குறிப்பும் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானே மருத்துவமனை வாசலில் நின்று கேட்ட கேள்வி.

அதற்கு இங்கிலாந்து 2020-இல் பதில் சொல்லிவிட்டது. ரெக்கவரி என்ற பெயரில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு மார்ச் மாதம் தொடங்கியது. கொத்துக் கொத்தாக மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். டாக்டர்களுக்கு வேலை கூடாமல் படிவங்களைச் சுருக்கி, சாதாரண வார்டுகளிலேயே குலுக்கல் போட்டார்கள். ஜூன் 16-ஆம் தேதி பதில் கையில். டெக்ஸாமெதாசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. மூன்றே மாதம்! டெக்ஸாமெதாசோன் பெப்டைடு அல்ல. ஆனால் அதுவும் பழைய மருந்துக்குப் புதிய வேலை கொடுத்த கதைதான். மறு ஒதுக்கீட்டுக் கோப்பு ஒழுங்காகப் போனால் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஒழுங்காகப் போகாததற்கும் ஒரு சாட்சி உண்டு. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் 2020-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியையும் பத்திரிகைகளையும் விடாமல் பார்த்தேன். பிரான்ஸில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, மார்செய் நகரத்துப் பேராசிரியர் திதியே ரவூல் கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார் என்று போனில் குதித்தான். மலேரியாவுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அது. பிறகு அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். மருந்து கொடுத்தது 26 பேருக்கு. கணக்கில் வந்தவர்கள் 20 பேர். விடுபட்ட ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர். வருகைப் பதிவேட்டில் இப்படிப் பெயர்களை விட்டுவிட்டுக் கணக்குக் காட்டியிருந்தால் என் சூப்பரின்டெண்டென்ட் பேனாவைத் தூக்கி எறிந்திருப்பார். அதே ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அந்த மருந்தால் பலன் இல்லை என்று ஜூன் மாதமே சொன்னது. மார்செய் கட்டுரையை அந்தப் பத்திரிகை 2024 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும், நம் நாட்டில் முடியாது என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பிளாஸ்மா சிகிச்சை ஞாபகம் இருக்கிறதா? குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா கேட்டு எத்தனை ஃபார்வர்டுகள் வந்தன! நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் 39 மருத்துவமனைகளில், 464 நோயாளிகளிடம் அதைக் குலுக்கல் முறையில் சோதித்தது. நோய் முற்றுவதையும் சாவையும் அது குறைக்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னது. நம் மருத்துவமனை டாக்டர்கள், அத்தனை நெருக்கடியிலும், செய்து காட்டிய வேலை அது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் முடிவு வந்த பிறகும் 2021 மே வரை பிளாஸ்மா சிகிச்சை வழிகாட்டி நெறிகளில் நீடித்தது. கோப்பில் பதில் இருந்தும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். பழைய பெப்டைடுகளைச் சுவாச நோய்க்குத் திருப்பிவிடும் யோசனை நல்ல யோசனை. புதிதாக ஒரு மருந்தைப் பூஜ்யத்திலிருந்து கண்டுபிடிக்க ஆகும் வருடங்களில் பாதி மிச்சம். ஆனால் அந்த மிச்சம் முதல் பாதியில்தான். இரண்டாவது பாதியை, அதாவது "பலன் உண்டா?" என்ற சோதனையை, யாரும் தாண்டிக் குதிக்கக் கூடாது.

அந்தச் சோதனைக்கு யார் பணம் கொடுப்பது? காப்புரிமை முடிந்துபோன மருந்தைச் சோதிக்க ஒரு கம்பெனி ஏன் செலவழிக்க வேண்டும்? பலன் உண்டு என்று நிரூபித்தாலும், பக்கத்துக் கம்பெனியும் அதையே செய்து விற்கும். எனவே இது அரசாங்கத்தின் வேலை. அடுத்த தொற்று வந்த பிறகு கூட்டம் போட்டால் போதாது. எந்தெந்த மருத்துவமனைகள், எந்தப் படிவம், யார் குலுக்கல் போடுவது, யார் கணக்குப் பார்ப்பது என்று இன்றே எழுதித் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஃப்ளூ வருகிறது. அதிலேயே ஒத்திகை பார்க்கலாம்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஒரு டாக்டர் பழைய மருந்தைப் புது நோய்க்கு எழுதிக் கொடுத்தால், மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த நோய்க்கு இது பலன் தரும் என்று சோதித்திருக்கிறார்களா?" "இல்லையென்றால், சோதனை எங்கே நடக்கிறது, எங்களையும் அதில் சேர்ப்பீர்களா?" குலுக்கலில் மருந்து கிடைக்காமல் போகுமே என்று பயப்பட வேண்டாம். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. விஐபி கதையைப் பாருங்கள். மருந்து கிடைத்தவர்கள் எதையும் கூடுதலாகப் பெறவில்லை.

தைமோசின் ஆல்ஃபா பற்றி 2025 ஜனவரியில் ஒரு முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி பரவி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் என்ற நிலைக்கு, சீனாவில் 1,100-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். 28 நாள் கணக்கில் சாவைக் குறைத்ததாகத் தெளிவான சான்று இல்லை. அது செப்சிஸ். என் மைத்துனனுக்கு வந்தது கொரோனா. ஆகவே அந்தப் பதிலை எடுத்து இங்கே ஒட்டவும் எனக்கு உரிமை இல்லை. நான் சொன்ன விதி எனக்கும் பொருந்தும் அல்லவா?

அவன் மனைவி வருடா வருடம் திதியன்று என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "அண்ணே, அந்த ஊசிய ரெண்டு நாள் முன்னாடியே போட்டிருந்தா பொழைச்சிருப்பாரா?" நாலைந்து வருடமாக நான் படித்ததெல்லாம் அவளுக்கு ஒரு பதில் தேடித்தான். இல்லை என்று சொல்ல முடிந்தால் அவள் மனம் ஆறும். ஆமாம் என்று சொல்ல முடிந்தால் அடுத்தவருக்காவது உதவும். இரண்டுமே சொல்ல முடியாமல் நிற்கிறேன். 2021-இல் அந்த வார்டில் யாராவது ஒரு பதிவேட்டைத் திறந்து நாலு வரி எழுதியிருந்தால், இன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருந்திருக்கும்.